எல்லாவற்றுக்கும் ஐந்து

நாரின்,
அக்டோபர் 9

மகள் போன்ற புருலுக்கு,

கெனெஷ் கடையில் மூட்டை தூக்கும் அப்திமலிக் எழுதுகிறேன். நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். ஆனாலும் பார், நான் பிறந்து எழுதும் முதல் கடிதம் இது! பாமீர் மலையில் ஆடு மேய்த்தே வயது அறுபத்தெட்டு ஆகிவிட்டது. இங்கே குடிவந்து, மாலை வகுப்பில் எட்டு மாதத்தில் எழுத்தைப் பிடித்துவிட்டேன். போன வாரமும் ஆசிரியை ஐந்து போட்டார். அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது.

இனி கோபம். சனங்கள் ஏன் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வேலை செய்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தாய். ஒருவரைப் பற்றி மற்றவர் நிரப்பத் தாள் கொடுத்தாய். நாலு நாள் முன்பு உன் அறிக்கை வந்தது. மாவு நிறுக்கும் நூர்ஜமாலைப் பார்த்து, எல்லார் முன்னாலும் கெனெஷ் கத்தினான்.

“தினமும் சாமான் தூக்கிட்டுப் போறியாமே, அக்கா! தாள்ல இருக்கு!”

நூர்ஜமால் மாவு ஒட்டிய கையை உதறினாள். “எவன் சொன்னது? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு!”

“சொன்னவன் நாக்கு அழுகட்டும்!” என்று நானும் கத்தினேன்.

அவளுடைய பதினோரு வருட வேலை அன்றோடு போயிற்று. பெயர் வராது என்றாய். மாவு நிறுப்பவர் என்று எழுதினால் போதாதா? அங்கே மாவு நிறுப்பது அவள் ஒருத்திதான். பணம் வாங்கும் சாதத் என்பவள்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். அவளோடு பேச்சை விட்டுவிட்டேன். நான் நூர்ஜமாலுக்கு எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டேன். அதை ஏன் மறைத்தாய்?

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய,
அப்திமலிக்


பிஷ்கெக்,
அக்டோபர் 21

மரியாதைக்குரிய பெரியவருக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் நிரப்பிய தாளின் நகலை இணைத்திருக்கிறேன். அதில் ஐந்து என்றால் “எப்போதும்”, ஒன்று என்றால் “ஒருபோதும் இல்லை”. ஒன்பதாம் கேள்வி: “கேட்காமல் கடைப் பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்வாரா?” நீங்கள் ஐந்து போட்டிருக்கிறீர்கள். சாதத் எழுதியது உங்களைப் பற்றி; நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்.

அறிக்கையைக் கொடுத்தாயிற்று, ஐயா. இனி மாற்ற வழியில்லை.

வருத்தத்துடன்,
புருல்


நாரின்,
அக்டோபர் 30

புருலுக்கு,

நகலை நாலு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அழுக வேண்டிய நாக்கு என்னுடையதுதான். கேள்வியைப் படிக்கவே இல்லை. பேனா கையில் கிடைத்த குஷியில், நல்லவளாயிற்றே என்று மேலிருந்து கீழ்வரை ஐந்து போட்டேன்.

ஆனால் நீ? எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தாய். “எவ்ளோ அழகா எழுதுறீங்க, பெரியவரே!” என்றாய். ஆறாம் கேள்வி, “வாடிக்கையாளர் இவரைத் தேடி வருகிறார்களா?” ஐந்து. ஏழாம் கேள்வி, “வாடிக்கையாளரோடு சண்டை போடுவாரா?” அதற்கும் ஐந்து. சண்டைக்காரியை எவர் தேடி வருவார்? நான் எட்டு மாதம் படித்தவன். நீ எத்தனை வருடம் படித்தாய்?

கெனெஷிடம் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டினேன். “பெருசு, அன்னிக்கு எழுதுனது நிஜம், இன்னிக்குப் பேசுறது பாசம்” என்று சிரித்தான்.

நூர்ஜமால் வீட்டு வாசலில் எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்களா?” என்றாள். ரொட்டி கொண்டுவரவில்லை. வாசலுக்கு வந்தவன் ஒரு துண்டாவது கிள்ளி வாயில் போடாமல் போவதை நம் ஊரில் கண்டிருக்கிறாயா? நான் அப்படித்தான் போனேன்.

நீ வந்து கெனெஷிடம் சொல். ஒரு நாள் பேருந்துப் பயணம்தான்.

அப்திமலிக்


நாரின்,
நவம்பர் 26

புருலுக்கு,

நீ வரவில்லை. பதிலும் இல்லை.

மாவு மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, கரியால் பெரிதாக எழுதினேன்: “நூர்ஜமால் எதையும் எடுக்கவில்லை. தப்பாக ஐந்து போட்டவன் நான், அப்திமலிக்.” கடைக் கதவில் ஒட்டினேன். காலையில் சனம் கூடி நின்று படித்தது. நான் எழுதியதை மற்றவர்கள் படிக்கிறார்கள்! வெட்கத்துக்கு நடுவிலும் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

கெனெஷ் அதைக் கிழித்தான். “வெளிய போ, பெருசு!” என்றான். என் வேலையும் போயிற்று. சாதத் கதவுவரை வந்து என் தொப்பியைக் கொடுத்தாள்.

நூர்ஜமால் இப்போது சந்தையில் தனியாக மாவு விற்கிறாள். பழைய வாடிக்கை பாதி அங்கேதான் நிற்கிறது. அதை உன் நோட்டில் குறித்துக்கொள். நேற்று அந்தப் பக்கம் தலை குனிந்துகொண்டு போனேன்.

“எங்க ஓடுறீங்க? ரொட்டியைக் கிள்ளிட்டுப் போங்க” என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. கிள்ளினேன். வாயில் போட்டுக்கொண்டேன்.

உன் அறிக்கையைச் சாதத்திடம் வாங்கி முழுவதும் படித்தேன். உனக்கு மதிப்பெண் இரண்டு. எங்கள் வகுப்பில் இரண்டு வாங்கியவர் மறுபடி எழுதிக் கொண்டுவர வேண்டும்.

அப்திமலிக்