பெரிய டயரும் கிழட்டு எஞ்சினும்

ஐஸ்லாந்து, மலைவிடுதி
ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

சோல்வேய்க் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? புல் அறுத்து முடிந்ததா? நான் நலம், எரிச்சல்தான் தீரவில்லை.

"ஆத்துல இறங்கணும்னா பெரிய டயர் போடு பொண்ணே! இது என்ன பொம்மை வண்டியா?" என்று கேலி செய்தே, உடன் வேலை செய்யும் ஸ்டெய்னார் என் பழைய ஜீப்புக்குப் பெரிய டயர்களை மாட்டவைத்தான். வண்டி உயர்ந்தது உண்மைதான். ஆனால் அவற்றைச் சுழற்றவே எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. மேட்டில் முதல் கியரில் ஊர்கிறேன். சைக்கிளில் வருபவர்கள் முந்திப்போகிறார்கள். திருப்பினால் டயர் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் உரசுகிறது.

செவ்வாயன்று ஆற்றைக் கடந்து கரையேறும்போது, இழுக்க முடியாமல் எஞ்சின் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், தண்ணீர் இருக்கை வரைதான் வந்தது. நான் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பண்ணைக்காரி ஆஸ்தீஸ் டிராக்டரில் வந்து இழுத்துவிட்டாள்.

"டயரைப் பெருசாக்கினியே, எஞ்சினை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்று சிரித்தாள். ஸ்டெய்னாரோ, "உனக்கு ஓட்டத் தெரியல" என்கிறான். அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். விடுதியில் பேச வேறு ஆளும் இல்லை.

முன்பிருந்ததைவிட ஓர் அளவு மட்டும் பெரிய, ஒல்லியான டயர்கள் போதும் அப்பா. கொட்டகையில் உங்கள் பழைய வண்டியின் சக்கரங்கள் கிடக்கின்றனவே, அவை சரியாக இருக்கும். கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்மீனும் வேண்டும். எல்லாவற்றையும் பேருந்திலேயே போட்டுவிடலாம். சக்கரம் மாட்ட எனக்கே தெரியும். ஆனாலும் நீங்களே கொண்டுவாருங்கள்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

சோல்வேய்க்