துப்பட்டாவில் கட்டிய கை

செவ்வாய், இரவு.

நேற்றுத் தூக்கத்தில் இவர் ஓங்கிக் குத்தியதில் என் கண் வீங்கிவிட்டது. காலையில் பார்த்ததும் பதறிப்போனார். "கனவுல எவனோ உன்னை இழுத்துட்டுப் போனான் சாந்தி. அவனைத்தான் அடிச்சேன்" என்றார்.

மத்தியானம் எதிர்வீட்டு மல்லிகா என் கண்ணைப் பார்த்துவிட்டாள். "அவர் கை நீட்டினாரா? பயம் நக்கோ அக்கா, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குஷாய்குடாவை விட்டு இந்தக் கச்சிபௌலி அடுக்குமாடிக்கு வந்த பிறகு யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் லிஃப்டில் இவர் வணக்கம் சொன்னதற்கு மல்லிகாவின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "நான் என்ன பண்ணேன் சாந்தி?" என்று என்னிடமே கேட்கிறார். தெரியலை என்றேன்.

படுக்கும்போது என் துப்பட்டாவால் தன் வலது கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டச் சொன்னார். "நல்லா இறுக்கிப் போடு" என்றார். போட்டேன்.

இப்போது "விடுடா அவளை" என்று முனகுகிறார். துப்பட்டா விண்ணென்று இழுபடுகிறது.