அத்தா நீட்டிய கோடு

மதுரை, தெற்குவாசல்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி யாசீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவின் கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகள், பிப்ரவரியிலிருந்து நான்கும் இந்த மின்னஞ்சலோடு இருக்கின்றன. சிறுநீரகம் மெதுவாகத்தான் கெடுகிறது என்கிறார் டாக்டர். பெருநாள் தையல் குவிந்து கிடப்பதால் அத்தா மிஷினை விட்டு எழுந்திருப்பதில்லை. "அவனை வரச் சொல்லிராத, படிப்புக் கெட்டுப்போகும்" என்று எனக்குத் தினமும் உத்தரவு வேறு.

துஆவுடன்,
அக்கா முபீனா

ஹெல்சிங்கி
12 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ரிப்போர்ட் எண்களை வைத்து ஒரு வரைபடம் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆய்வகத்தில் எனக்கு இதுதான் வேலை. கறுப்புத் திரையில் புள்ளிகளை வைக்க ஒரு கட்டளை தட்டுவேன், அவற்றுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்க இன்னொன்று. அத்தாவின் கோடு மெல்லத்தான் ஏறுகிறது. இந்தப் போக்கில் டயாலிசிஸுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டே வருகிறேன். மாதாமாதம் கிரியேட்டினின் எண்ணை மட்டும் எழுது. அத்தா ஏன் வீடியோவில் வருவதே இல்லை?

உன் தம்பி,
யாசீன்

மதுரை
20 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். ஜூன் 2.4, ஜூலை 2.5. உன் படத்தைப் பிரிண்ட் எடுத்து மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறார் அத்தா. கடைக்குத் தைத்த துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "எம் மகன் போட்ட கோடு" என்று காட்டுகிறார். வீடியோ அவருக்குக் கூச்சமாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா முபீனா

ஹெல்சிங்கி
14 அக்டோபர் 2024

அக்கா,

செப்டம்பர் எண்ணையும் சேர்த்துப் பார்த்தேன். ஜூனிலிருந்து நான்கும் கச்சிதமாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு பழைய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தாலே கொஞ்சம் மாறும். நீ முதலில் அனுப்பிய நான்கும் கோட்டுக்கு மேலும் கீழுமாகத்தான் சிதறியிருந்தன. அதற்குப் பிறகு வந்தவை மயிரிழை கூட விலகவில்லை. அக்கா, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

யாசீன்

மதுரை
15 அக்டோபர் 2024

யாசீன்,

உன் படத்திலிருந்துதான் வந்தன. லேப் ரிப்போர்ட் வந்ததும் அத்தா அதை மடித்து என் கையில் கொடுத்துவிடுவார். துணி வெட்டும் ஸ்கேலை உன் கோட்டின் மேல் வைத்து நீட்டி, அந்த மாதத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார். "தம்பி கோட்டுக்கு ஒத்து வந்தாத்தான் அவன் நிம்மதியா இருப்பான், இதை எழுது" என்பார். நானும் எழுதினேன்.

ஜூனிலிருந்து உண்மையான எண்கள் 3.1, 4.0, 5.6, 7.9. முகம் வீங்கியிருக்கிறது, அதனால்தான் வீடியோவுக்கு வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான். எண் வந்ததா என்று கேட்ட நீ, அத்தா சாப்பிடுகிறாரா என்று ஒரு தடவை கேட்கவில்லை. என்மேல் அதைவிடக் கோபமாக இருக்கிறது.

முபீனா

ஹெல்சிங்கி
16 அக்டோபர் 2024

அக்கா,

புதுப் புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். கோடு போடும் கட்டளையைத் தட்டக் கை வரவில்லை. ஆய்வேடு கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அத்தாவிடம் சொல். என்மேல் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது.

யாசீன்

மதுரை
17 அக்டோபர் 2024

தம்பி,

நேற்று மூச்சு வாங்கி, அத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ வருவதைச் சொன்னேன், காதில் விழுந்ததா தெரியவில்லை.

இன்று காலையில் கண்ணைத் திறந்து ஸ்கேலைக் கேட்டார். "இந்த மாசத்துக்கு எம்புட்டுன்னு பாத்து எழுதிரும்மா. தம்பி அலைய வேணாம்" என்றார்.

ஸ்கேல் கடையில் இருக்கிறது அத்தா என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ சீக்கிரம் வா.

அக்கா