அருள்புரத்தில் ஏழு நாள் ஸ்பெயின்

அருள்புரம்,
கார்த்திகை, திங்கட்கிழமை.

ஸ்பெயின் தேசத்து வலென்சியா மாநகரில் துணிக் குடோனைக் கட்டி ஆளும் என் அக்கா மகன் மாப்பிள்ளை சரவணக்குமாருக்கு, பல்லடம் ரோட்டில் முப்பது வருஷம் டெலிவரி வேன் ஓட்டி, அருள்புரம் முதல் ஆகாயம் வரை புகழ் பரப்பிய உன் மாமன் கருப்புசாமி பல்லாயிரம் ஆசிகளோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கத்தை மருதாளும் நலம். இப்படி இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதும் பாக்கியம் இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் இப்போது கேள்வி.

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு வரியைக்கூட நீ நம்பப் போவதில்லை. உங்கம்மா நம்பவில்லை, நான் தினமும் கதையளக்கிற பேக்கரியில் யாரும் நம்பவில்லை. கூடவே இருந்து பார்த்த நானே இன்னும் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கூரியரில் ஏன் அனுப்புகிறேன் என்று நினைக்காதே. என் போனின் பாஸ்வேர்ட் உங்கத்தைக்குத்தான் தெரியும். எனக்கே அவள்தான் திறந்து கொடுக்கிறாள்.

ஐப்பசி கடைசி ஞாயிறு மத்தியானம். நான் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தேன். உங்கத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே, ‘ஏனுங்க, சித்திரையோட நான் வேலையை விட்டர்றேன். அப்புறம் ஸ்பெயின்ல போய் இருந்துக்கலாம்னு பார்க்கறேன்’ என்றாள். உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரல். லீவு நாள் என்று மூடிக் கிடந்த கம்பெனிகளில் நாலாயிரம் ஓவர்லாக் மெஷின்கள் தாமாக ஓடி, ஒரு தையல் தவறவிட்டு நின்றன. என் வாய்க்குப் பக்கத்தில் வந்த கறித்துண்டு மறுபடி ஆடாகி எழுந்து வாசல் வழியாகப் போய்விட்டது. நான், ‘அப்ப நானு?’ என்று கேட்டேன். ‘அதைத்தான் பார்க்கோணும்’ என்று சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போய்விட்டாள்.

வெள்ளகோவிலுக்குப் போன் போட்டு உங்கம்மாவிடம் சொன்னேன். நஞ்சம்மாள் என்கிற என் அக்கா, தம்பி மேல் பாசம் உள்ளவள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், ‘நீ என்னடா பண்ணித் தொலைச்சே’ என்றாள். நான் ஒன்றுமே பண்ணவில்லை என்று உன் தலை மேல் சத்தியம் செய்தேன். மன்னித்துக்கொள், பக்கத்தில் வேறு தலை கிடைக்கவில்லை.

பிறகுதான் வேர் எங்கே போகிறது என்று தெரிந்தது. வேர் நீதான். மூன்று வருஷத்துக்கு முன் உங்கத்தை வேலை பார்க்கும் கம்பெனி அனுப்பிய குழந்தை பனியன்களில் ஓட்டை இருக்கிறது என்று சரக்கு வாங்குகிற பையர் உங்கள் குடோனிலேயே நிறுத்திவைத்தானே, ஞாபகம் இருக்கிறதா. செக்கிங் சூப்பர்வைசர் என்று உங்கத்தையை அங்கேயே அனுப்பி, பத்து நாள் ஒவ்வொரு பீஸாகப் பார்க்கச் சொன்னார்கள். தினமும் சாயங்காலம் நீதான் அவளைக் கூட்டிப்போய் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார வைத்தாயாம். அங்கே அவள் வயசுப் பெண்கள், மடியில் கைப்பை, வாயில் சூரியகாந்தி விதை, உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்களாம். இவளைப் பார்த்துச் சிரித்து விதையை நீட்டுவார்களாம். அந்தப் பத்து நாளில் ஒருத்தர்கூட உனக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்கவில்லையாம்.

அவளுக்கு அந்த பாஷை தெரியாதே, கேட்டிருந்தாலும் எப்படித் தெரியும் என்று நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அதற்கு அவள், பாஷையைத்தான் மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது கேட்டால் தெரியும் என்றாள். மாப்பிள்ளை, சமையற்கட்டில் காதில் வயரை மாட்டிக்கொண்டு வாயை முணுமுணுப்பாள். சஷ்டி கவசம் சொல்கிறாள் என்று நான் காலை நீட்டாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம். கணியூரில் அவள் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்றது, உன்னிடம் விசா விவரம் கேட்டது, எல்லாம் அந்த முணுமுணுப்புக்குள் நடந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. இந்த அதிர்ச்சியில் என் எடை பதினெட்டு கிலோ குறைந்து, மறுநாள் திரும்ப ஏறிவிட்டது.

இனிமேல்தான் நீ நம்பவே முடியாத பகுதி. எங்கள் பனியன் தொழிலில் பையர் ஒரு லட்சம் பீஸ் கேட்டாலும் முதலில் ஒன்றுதான் தைத்து அனுப்புவோம். அதுதான் சாம்பிள். அவன் அளந்து, இழுத்துப் பார்த்து, குறைகளை எழுதி அனுப்பி, ஓகே சொன்ன பிறகுதான் பல்க் என்கிற மீதித் துணியில் கத்தரி படும். உங்கத்தை அந்தச் சட்டத்தை என் மேல் போட்டாள். ‘சாம்பிள் ஓகே ஆகாம பல்க் வெட்டக் கூடாதுங்க. ஏழு நாள் இந்த ஊட்லயே ஸ்பெயின்ல இருக்கற மாதிரி இருந்து காட்டுங்க’ என்றாள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, என் பேச்சு யாருக்கும் புரியாது. அதனால் ஏழு நாளும் பேக்கரி கிடையாது, போன் கிடையாது, யாராவது வந்தால் சிரிக்கலாம், தலையாட்டலாம், அவ்வளவுதான். கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, கமெண்ட் எழுத ஒரு அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் என் நாக்கு வீங்கி, வாய்க்குள் இடம் போதாமல் போயிற்று. இரண்டாம் நாள் பேக்கரியில் வியாபாரம் படுத்து, வடைச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். முன் போர்ஷனில் குடியிருக்கும் ஜெயபாண்டியை உனக்குத் தெரியும், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், டெய்லர். என்ன கேட்டாலும் நான் சிரித்துத் தலையாட்டுவதைப் பார்த்து, ‘அண்ணனுக்கு வாய் இழுத்துக்கிருச்சு’ என்று ஆட்டோவைக் கூட்டி வந்துவிட்டார். அதெல்லாம் இல்லை என்று உங்கத்தை சொன்னதும், அப்படியானால் மௌன விரதம் என்று அவராகவே முடிவுகட்டினார். மூன்றாம் நாள் காலையில் வாசலில் முந்நூறு பேர், கையில் சூடமும் வாழைப்பழமும். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அதில் நாலு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒருவருக்கு வீட்டு லோன் கிடைத்துவிட்டது.

உங்கத்தை எழுதிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். சாப்பாடு ஓகே, தூக்கம் ஓகே, நடை ஓகே என்று வரிசையாகப் போட்டிருந்தாள். ஜெயிக்கப் போகிறோம் என்று நெஞ்சு ரயில் பெட்டி அகலத்துக்கு விரிந்தது.

நாலாம் நாள் மத்தியானம், உங்கப்பா வழியில் புதுச் சொந்தம், கந்தப்பன் என்று ஒருத்தர், சம்சாரத்தோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டை நீட்டி, குங்குமம் கொடுத்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வழக்கம்போல அந்த அம்மா, ‘குழந்தைங்க எத்தனை பேருங்க, என்ன பண்றாங்க’ என்று கேட்டார்.

மாப்பிள்ளை, நாலு நாள் மூடி வைத்த குக்கர். மூடி பறந்துவிட்டது. ‘பன்னண்டு பேருங்க. அத்தனையும் வெளிநாட்டுல. மூத்தவன் அண்டார்டிகாவுல பனியன் ஷோரூம் வெச்சிருக்கான், பென்குயின் சைஸுக்குத் தனி அளவு’ என்று ஆரம்பித்தேன். நீ சின்ன வயசில் கேட்டு உருண்டு சிரித்ததுதான். பன்னிரண்டாவது பெண் நிலாவில் செக்கிங்குக்குப் போயிருக்கிறாள் என்று முடிக்கும்போது கந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

முப்பத்தினாலு வருஷமாக நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். யாராவது அந்தக் கேள்வியை எடுத்தால் உங்கத்தை மேல் விழுவதற்கு முன் நான் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொள்வேன். எல்லாரும் சிரிப்பார்கள், கேள்வி போய்விடும். அவளுக்குக் குடை பிடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எப்போதும் அந்த நேரத்தில் காபி போட உள்ளே போய்விடுவாள். வந்தவர்களை நன்றாகக் கவனிக்கிறாள் என்று பெருமைப்படுவேன்.

அன்றைக்கும் உள்ளே போனாள். நாலு நாள் பேசாமல் இருந்ததில் என் காதுக்கு என்னவோ ஆகியிருந்தது. கந்தப்பன் சிரிக்கிற சத்தத்துக்குப் பின்னால், உள்ளே டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவி வைத்தாள். மறுபடி அதையே எடுத்துக் கழுவினாள். மறுபடியும். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் வெகு நேரம் வரவே இல்லை.

அவர்கள் போன பிறகு அட்டையை என் கையில் கொடுத்தாள். எல்லா ஓகேவுக்கும் கீழே ஒரு வரி: ‘அந்த ஊர்லயும் யாராவது கேட்டா இதையேதான் சொல்லுவீங்களா?’ அதற்குக் கீழே ரிஜெக்ட். ஒரு பனியனைக் கழித்துப் போடுவதற்குக்கூட அவள் அவ்வளவு சின்ன எழுத்தில் எழுதி நான் பார்த்ததில்லை.

கறித்துண்டு ஆடானது, மெஷின் ஓடியது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ‘நீ சிரிப்பியே’ என்றேன். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளை, யோசித்துப் பார்த்தேன். ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்தேன். சிரித்தவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வருகிறது. அவள் முகம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

உங்கத்தை சண்டை போடவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து வேலைக்குப் போகிறாள், எனக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், காதில் வயரை மாட்டிக்கொண்டு முணுமுணுக்கிறாள். விசாவுக்கு உன்னிடம் கொடுத்திருக்கும் காகிதங்களில் ஒரு பெயரா, இரண்டு பெயரா என்பது உனக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு பெயர்தான் என்றால் அதை அவள் வாயால் கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அவளிடம் நீ வக்காலத்து வாங்கவும் வேண்டாம். அவளைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள். குளிர் அவளுக்கு ஆகாது, முழங்கால் பிடித்துக்கொள்ளும். பெஞ்சில் உட்காருகிறபோது முதுகுக்குச் சால்வை கொடு. நீயும் உன் சம்சாரமும் சகல சௌபாக்கியங்களோடு இருக்க எங்கள் குலசாமி துணையிருக்கட்டும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். மேலே எழுதியதில் நீ தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம். வாசலுக்கு முந்நூறு பேர் வரவில்லை, ஜெயபாண்டியும் அவர் சம்சாரமும்தான் வந்தார்கள். பழம் ஒரு சீப்பு. வடைச்சட்டி கவிழவில்லை. எடையும் குறையவில்லை.

நேற்று நடந்தது மட்டும் நிஜம். கந்தப்பன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் நானும் உங்கத்தையும் பக்கத்துப் பக்கத்து இலை. கந்தப்பன் தன் சம்பந்திகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்து எதிரே நிறுத்தி, ‘இவருக்குப் பன்னண்டு குழந்தைங்க, அவர் வாயால கேளுங்க’ என்றார். எல்லாரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள். உங்கத்தை எழுந்து போக இடமில்லை, இலையில் சோறு இருக்கிறது. நான், ‘இல்லீங்க. எங்களுக்குக் குழந்தைங்க இல்லீங்க’ என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். உங்கத்தை இலையில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். நானும் கூடவே சாப்பிட்டு முடித்தேன்.

இப்படிக்கு,
உன் மாமன்
கருப்புசாமி