மூன்று முட்டையும் இரண்டு வாளிக் கூழாங்கல்லும்

தூரத்தில் இருந்தாலும் என் வயிற்றெரிச்சலில் பாதிக்குச் சொந்தக்காரனான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் பெண்ணும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவன் இடுப்பில் அகலமான பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று மாமா சொல்கிறார். அவர் ஆயுளில் பிரஷ் பிடித்ததில்லை, ஆனாலும் சொல்கிறார்.

முக்கியமான செய்தி இதுதான். மேனேஜர் வாயில் மண் விழுந்துவிட்டது. போட்டது நான்.

நம் கட்டடத்தில் இருபதாவது மாடி விளிம்பில் அந்த வல்லூறு இந்த வருடமும் முட்டையிட்டிருக்கிறது. மூன்று முட்டை. அதே இடத்தில்தான் கம்பெனியின் பெரிய விளக்குப் பலகையை மாட்ட வேண்டும் என்று மேனேஜர் குதித்துக்கொண்டிருந்தார். முட்டை பொரித்துக் குஞ்சு பறக்கும் வரை அங்கே ஒரு துளைகூடப் போடக் கூடாது, அது சட்டம். ஆனாலும் மனிதர் கவலைப்படவில்லை. "ஒரு மழை பெஞ்சா தானா அழுகிடும், விடுய்யா" என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பம்ப் அறையில் வால்வைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் முட்டையைத் தள்ளியது நீதான், அதுவும் விளையாட்டுக்குச் செய்தாய் என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய் அது. உன் கயிற்று வேலை உரிமத்தைப் பிடுங்கிய கை அவருடையது. என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. வல்லூறு கூடு கட்டாது. சரளையில் நெஞ்சை அழுத்தி ஒரு குழி பறிக்கும், அவ்வளவுதான். நம் விளிம்போ வெறும் சிமெண்ட். வடிகால் துளையும் அடைத்துக் கிடந்தது. மழை வந்தால் முட்டை தண்ணீரில்தான் கிடக்கும். அடைப்பெடுப்பது என் வேலை. ஆனால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு மட்டும் எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக வனவிலங்கு அலுவலகத்துக்குப் போனேன். பறவை மேல் பாசத்தில் போனேன் என்று நினைத்துவிடாதே.

அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண், குரல் மட்டும் பெரியது. அடைகாக்கும்போது கை வைத்தால் பறவை முட்டையைக் கைவிட்டுப் போகவும் கூடும், சும்மா விட்டால் மழையில் போவது நிச்சயம் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடிகூடத் தர மாட்டேன் என்றார். கழுவிக் காயவைத்த உருண்டைக் கூழாங்கல் இரண்டு வாளி, அடியில் துளை போட்ட தட்டையான மரப்பெட்டி, மேலே மழை மறைக்க ஒரு பலகை. வெயில் நன்றாக ஏறிய பிறகு இடுப்பில் கயிறு கட்டி விளிம்புக்கு இறங்கினோம். அவர் முட்டைகளை வெந்நீர்ப் பை வைத்த டப்பாவில் எடுத்துக்கொண்டார். நான் அடைப்பெடுத்து, பெட்டியை வைத்து, கல்லைக் கொட்டி, முஷ்டியால் குழி பண்ணினேன், அவர் முட்டைகளை அதில் திரும்ப வைத்தார். ஒன்பது நிமிடம்.

அதில் ஐந்து நிமிடம் அடி வாங்கினேன். நீ விட்டுப்போன ஆரஞ்சுச் சட்டையைத்தான் போட்டிருந்தேன், உன் சார்பில் போகிறேன் என்ற கொழுப்பில். பெண் பறவை என் ஹெல்மெட்டில் மூன்று முறை மோதியது. முட்டையைக் கையில் வைத்திருந்த அதிகாரியைத் தொடவே இல்லை. மேலே ஏறியதும் அவர் நிதானமாகக் கேட்டார்: "வல்லூறு எதையும் மறக்காதுங்க. போன வருஷம் இந்தச் சட்டையில யாருங்க இறங்கினது?"

அது உன் சட்டை. போன வருடம் நம் கட்டடத்தில் கயிற்றில் இறங்கியவன் நீ ஒருவன்தான். அந்தப் பக்கமே போகவில்லை, மழைதான் அடித்துக்கொண்டு போனது என்று என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாய். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

சட்டையைக் கழற்றி வாளிக்குள் திணித்துவிட்டு மேல்மாடிக் கதவிடுக்கு வழியாக விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் போனது, இருபது போனது. பறவை வராவிட்டால் மேனேஜர் விரும்பியதை நானே செய்து கொடுத்ததாகிவிடும். நாற்பத்திரண்டாவது நிமிடம் வந்து இறங்கியது. கல்லைக் காலால் தட்டிப் பார்த்தது. பிறகு முட்டை மேல் உட்கார்ந்து உடம்பை அசைத்துச் சரிசெய்துகொண்டது. அன்று மாலையே மழை. முட்டை நனையவில்லை, விளக்குப் பலகை மாட்ட மறுநாள் வந்த கிரேன் திரும்பிப் போனது. மேனேஜர் முகத்தைப் பார்க்க நான் வேண்டுமென்றே இரண்டு தடவை லிஃப்டில் ஏறி இறங்கினேன்.

எனக்கு இது போதவில்லை. குஞ்சு பறந்ததும் விளக்குப் பலகை ஏறிவிடும், அவர் அதே நாற்காலியில் இருப்பார். வரும் இருபதாம் தேதி வனவிலங்கு அலுவலகத்தில் போன வருட விஷயத்தையும் சேர்த்து விசாரிக்கிறார்கள். அவர் ஏவினார், நீ செய்தாய் என்று உன் கையெழுத்தில் வந்தால்தான் அவர் மாட்டுவார். உன்னையும் விட மாட்டார்கள். தானாக வந்து சொன்னவனுக்குத் தண்டனை குறையும் என்கிறார் அதிகாரி, எவ்வளவு குறையும் என்று சொல்லவில்லை. உன்னை மிரட்டித்தான் இறக்கியிருப்பார் என்று என் மனம் சொல்கிறது. அதையும் நீதான் எழுத வேண்டும், என் மனம் சாட்சி சொல்ல முடியாது.

விலாசம் எழுதிய உறை உள்ளே இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எழுதாவிட்டாலும் நீ என் தம்பிதான், ஆனால் இனி உனக்காக யாரிடமும் சண்டை போட எனக்கு வாய் வராது.

உன் நல்வாழ்வையே வேண்டும்,
அக்கா