வன்னியில் ஏது பனி

சாலிகிராமம், சென்னை
05.02.2024

அன்புள்ள பூரணி அக்காவுக்கு,

தம்பி ஜீவராஜ் எழுதுவது. நான் நலம், இங்குள்ள கொசுக்கள் என்னைவிட நலம். போனில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சிக்னல் இல்லடா" என்று வைத்துவிடுகிறீர்கள். எந்தப் பேச்சுக்கு சிக்னல் போகும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

ஒரு படத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்திருக்கிறேன். வன்னிப் போரின் கடைசி மாதங்கள்தான் கதை. டைரக்டர் இம்மி பிசகவிடாத மனிதர். இலங்கையின் வடக்கில் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. நம் மலைநாட்டில் தண்ணீர் வற்றிய காசல்ரீ நீர்த்தேக்கக் கரையை நான்தான் காட்டினேன். மலையை மறைத்து எடுத்தால் கடலோரம் மாதிரியே இருக்கும். ஆமாம் அக்கா, நம் ஊருக்குத்தான் வரப்போகிறோம்.

கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்ட பெரியக்கா ஜீவராணியின் பிரசவத்துக்குத் துணையாக நீங்கள் அங்கே போனபோது எனக்குப் பத்து வயது. சண்டை மூண்டு பாதையை அடைத்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, அவள் பிள்ளை பிரியந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் வந்தீர்கள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியக்கா அங்கே என்ன உடுத்தியிருந்தாள், எதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்? கொஞ்சம் எழுதுங்கள். படத்துக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்.

பாசமுள்ள தம்பி,
ஜீவராஜ்


பொகவந்தலாவை
16.02.2024

அன்புத் தம்பி ஜீவராஜுக்கு,

உன் கடிதங்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கடைசியில் அதுவும் நின்று போயிருந்தது. இப்போது பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். காரியம் இருந்தால்தான் அக்கா ஞாபகம் வரும் போல. சரி, சாப்பிடுகிறாயா? போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

இங்கே பனிமூட்டம்தான். காலையில் பிள்ளைக் காம்பராவைத் திறக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைத் தூங்கவைப்பதுதான் இன்னமும் என் வேலை. பிரியந்தி ஏ.எல். பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கிறாள். என்னைவிட உயரம்.

கேட்டதை எழுதுகிறேன். நல்ல நல்ல சேலைகளை வெட்டிப் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைத்தோம். பெரியக்கா நீலப் பாவாடை, உன் அத்தானின் சட்டை. அத்தான் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீர்க் கேனைக் கொழுந்துக் கூடை மாதிரியே நெற்றியில் கயிறு போட்டு முதுகில் தூக்குவாள். அங்குள்ளவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "சிரிக்கட்டும். எனக்குக் கை ரெண்டும் பிள்ளைக்கு வேணும்" என்பாள். வீட்டிலிருந்து கொண்டுபோன தேயிலையை ஒரு சின்னப் போத்தலில் கடைசிவரை வைத்திருந்தாள். ஒரே தூளைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவாள். வெந்நீருக்கும் தேத்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனாலும் குடித்தால் ஒரு தெம்பு.

இன்னும் கனவில் வருகிறாள். காம்பரா வாசலில் பனியோடு பனியாக நின்று, "பாப்பா தூங்கிட்டாளா?" என்பாள். "தூங்கிட்டாக்கா" என்பேன். போய்விடுவாள். உள்ளே வந்ததேயில்லை.

அந்தக் கடைசிப் பகலை மட்டும் கேட்காதே.

அன்புடன் அக்கா,
பூரணி


சாலிகிராமம், சென்னை
28.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை டைரக்டருக்கு வாசித்துக் காட்டினேன். நெற்றிக் கயிறு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு பிரியந்தியின் போட்டோவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணே பண்ணட்டும்" என்கிறார். பெரியக்காவாக பிரியந்தி. அவளிடம் போனில் கேட்டுவிட்டேன், அவளுக்குச் சம்மதம். கோபிக்காதீர்கள், முதலில் உங்களிடம் கேட்டிருந்தால் சிக்னல் போயிருக்கும்.

கடைசிப் பகலும் வேண்டும் அக்கா. இங்கே எத்தனை போர்ப்படம் பார்த்துவிட்டேன். குண்டு விழுந்த பிறகும் கதாநாயகி தலை கலையாமல் நிற்கிறாள். வன்னிக்காரர் மதுரைத் தமிழ் பேசுகிறார். தியேட்டரில் சோளப்பொரி தின்றுகொண்டே கைதட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. நம் அக்கா எப்படிச் செத்தாளோ அப்படியே காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால், நடந்ததே அவ்வளவுதான் என்று ஆகிவிடும். நீங்கள் ஒருத்திதான் பார்த்தவர். நீங்களும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஜீவராஜ்


பொகவந்தலாவை
09.03.2024

ஜீவராஜுக்கு,

நீ எழுதியதில் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம்.

பிரியந்திக்கு ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா தேத்தண்ணி குடிச்சா. களைப்பா இருக்குன்னு உன்ன என் மடியில போட்டுட்டு மணல்ல சாஞ்சா. அப்படியே தூங்கிட்டா. அப்புறம் எழும்பல" என்றேன். அது பொய். தெரிந்தே சொன்ன பொய். அதற்காக எனக்கு வெட்கம் கிடையாது. அந்தப் பொய்யைப் போர்த்திக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறாள். இப்போது நீ கேமராவோடு வந்து அவளையே படுக்கவைத்து, அவள் மேலேயே சிவப்புச் சாயத்தை ஊற்றி, "உங்கம்மா இப்படித்தான்" என்று காட்டப் போகிறாய். ஊருக்கு உண்மை வேண்டும் என்பதற்காக என் பிள்ளையின் தூக்கத்தை நான் கொடுக்க வேண்டுமா?

நடிக்க வேண்டாம் என்றேன். "போறேன் சின்னம்மா" என்கிறாள். மூன்று நாளாக அதே பேச்சு. பெரியக்காவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. நான் அவளுக்குச் சொன்ன மாதிரிதான் அவள் படுக்க வேண்டும். சம்மதம் என்றால் அனுப்புகிறேன். இல்லையென்றால் இந்த வாசலை மிதிக்காதே.

பூரணி


சாலிகிராமம், சென்னை
17.03.2024

அக்கா,

சம்மதம். டைரக்டர் "எடுத்துப் பார்ப்போம்" என்றிருக்கிறார். மாதக் கடைசியில் வருகிறோம். வாசலை மிதிக்கலாம்தானே?

ஜீவராஜ்


சாலிகிராமம், சென்னை
12.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வந்த பத்து நாளும் ரொட்டியும் சம்பலும் செய்து போட்டீர்கள், ஆனால் படப்பிடிப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் அங்கு நடந்ததைச் சொல்லாமலே வந்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியம் இல்லை.

பொய்யாகச் செய்த பனைகளை நட்டு, மலை தெரியாதபடி கேமராவைத் தாழ்த்தி வைத்திருந்தோம். பின்னேரம் பிரியந்தியின் காட்சி. அவள் கேனோடு நடந்து வரும்போது பனி இறங்க ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியுமே, நம் ஊர்ப் பனி கேட்டுவிட்டா வரும்? டைரக்டர் நிறுத்தச் சொன்னார். தூரத்தில் இருந்த அவளுக்குக் கேட்கவில்லை. கேமராக்காரரும் நிறுத்தவில்லை.

அவள் நெற்றிக் கயிற்றைக் கழற்றினாள். போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். ஒருக்களித்துப் படுத்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, ஒரு கால் பெருவிரலை மற்றக் கால் குதியில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். பனி அவளை மூடிவிட்டது. பனைகள் போயின, கரை போயிற்று. கொஞ்ச நேரம் அங்கே ஒன்றுமே இல்லை.

"வன்னியில ஏதுய்யா பனி? போர்ல யாரு இப்படித் தூங்குற மாதிரி சாவா?" என்று டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். என்னிடம் தந்த வார்த்தை அவ்வளவுதான். மறுநாள் கொழும்பிலிருந்து வந்த வேறொரு பெண்ணை வைத்து, முகம் தெரியாமல், அவருக்கு வேண்டிய மாதிரி எடுத்தார். உங்களிடம் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. மன்னியுங்கள்.

அந்தக் காட்சியில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. புழுதி, சத்தம், ரத்தத்தின் நிறம், எல்லாம் சரி. எடிட்டிங் அறையில் பலமுறை பார்த்தேன். ஒருமுறைகூட எனக்குப் பெரியக்கா ஞாபகம் வரவில்லை. பிழையாக எடுப்பது பாவம் என்று இப்போதும்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பனியில் மட்டும் எனக்கு அவள் தெரிந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தத் துண்டைக் கெஞ்சி வாங்கி, பிரியந்தியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஜீவராஜ்


பொகவந்தலாவை
08.06.2024

அன்புத் தம்பி ஜீவராஜுக்கு,

பிரியந்தி பாஸாகிவிட்டாள். அதை முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

மூன்று வாரம் நான் அதைப் பார்க்கவில்லை. போன சனிக்கிழமை பிள்ளைகளையெல்லாம் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு, காம்பரா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனை என் கையில் வைத்தாள். "பாருங்க சின்னம்மா, குட்டியாத்தான் இருக்கு."

பார்த்தேன். அந்தக் கால் விரலைப் பார்த்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பெரியக்கா அப்படித்தான்டா தூங்குவாள். சின்ன வயதில் அவளோடு ஒரே பாயில் படுத்தவள் நான். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. "இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன். "யாருமில்ல. நான் எப்பவும் இப்படித்தானே தூங்குவேன்" என்றாள். ஊரார் பிள்ளைகள் எப்படித் தூங்கும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்த எனக்கு, என் கம்பளிக்குள் கிடந்த பிள்ளையின் கால் தெரியவில்லை.

"சரியாச் செஞ்சேனா சின்னம்மா?"

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இல்ல பாப்பா, அப்படி நடக்கல" என்று வந்துவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. நடந்தது நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே அதை எழுத மாட்டேன். கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள்.

அவள் அழவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியும் சின்னம்மா. நீங்க தூக்கத்துல பேசுவீங்க. சின்ன வயசிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். முழிச்சிருக்கிறப்ப ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"பின்ன ஏன் அப்படிப் படுத்த?" என்றேன்.

"நீங்க சொன்ன மாதிரி ஒரு தடவையாவது நடக்கிறத நீங்க பாக்கணும்னுதான்."

அவளைத் தூங்கவைக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் என் பக்கத்தில் அவள்தான் விழித்துக் கிடந்திருக்கிறாள். சொல்லு, இதற்கு நான் சிரிப்பதா அழுவதா? இரண்டும்தான் செய்தேன்.

படம் வந்தால் நாங்கள் பார்க்க மாட்டோம். கோபம் இல்லை. தெரியாதவர்கள் பார்க்கட்டும், அவர்களுக்கு அது தேவை. நீ வார்த்தை தவறியதற்கு அடுத்த முறை வரும்போது இரண்டு அடி வைக்கிறேன், அதோடு சரி. அந்தப் பனித்துண்டு மட்டும் எங்களிடம் இருக்கட்டும்.

நேற்றும் பெரியக்கா வந்தாள். அதே காம்பரா வாசல், அதே பனி. "பாப்பா தூங்கிட்டாளா?" என்றாள்.

"இல்லக்கா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. உள்ள வா" என்றேன்.

அன்புடன் உன் அக்கா,
பூரணி