என் சிறுநீரகம் சேராது

வெள்ளிக்கிழமை, செமோர்

ரத்த வகை ஒன்றுதான் என்று சொல்லி ஆசை காட்டினார்கள். என் சிறுநீரகம் கமலாவுக்கு, என் மனைவிக்கு, சேர்ந்துவிடும் என்று நம்பித் தொழிற்சாலையில் லீவும் கேட்டுவிட்டேன். இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முடியாது என்றார்.

செல்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றனவாம். அவற்றை வைத்துத்தான் உடம்பு தன்னது எது, அந்நியம் எது என்று கண்டுகொள்ளுமாம். வயிற்றில் இருந்த பிள்ளைகளிடம் என் புரதங்களும் இருந்திருக்கின்றன. அப்போதே கமலாவின் உடம்பு அவற்றை எதிர்க்கப் பழகிவிட்டது. மூன்று பிள்ளைகள். இனி என் சிறுநீரகத்தை வைத்தால் உடனே தாக்கும்.

"புள்ளைங்க குடுத்தாலும் கஷ்டம்தான். அவங்ககிட்டயும் பாதி உங்களோடதுதானே" என்றார்.

காரில் கமலா அழவில்லை. "புள்ளைங்ககிட்ட இத சொல்லிறாதீங்க லா. தங்களாலதான்னு நெனச்சிக்கும்" என்றாள். இதைக்கூடவா இவள் யோசிக்க வேண்டும்?

சற்று முன் பெரியவள் போன் செய்தாள்.

"ஒங்களது சேரலன்னா என்னப்பா, நான் குடுக்குறேன். எப்ப வரட்டும்?"

வேண்டாம் என்றேன். ஏன், ஏன் என்று விடாமல் கேட்டாள்.

"அம்மா வயித்துல பொறந்தவப்பா நானு. என்னோடது எப்படி சேராம போகும்?"